பிடியரிசிப் பெட்டி

வியாழக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் றுக்கியா ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்குவாள். கிண்ணியாத் துறையடியிலிருந்து பள்ளிவாசல் வரை வளைந்து போகும் ஒழுங்கை அது. அங்கே ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை தொங்கும். உலைக்கு அரிசி அளந்ததும் வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சிரட்டையில் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் கழுவுவாள். சிரட்டைகளில் சேர்ந்த பிடியரிசி கிழமைக்கு ஒருமுறை றுக்கியாவின் பெட்டி வழியாகப் பள்ளிக்குப் போகும்; பள்ளியிலிருந்து ஆதரவற்ற வீடுகளுக்குப் போகும். யாருடைய அரிசி யாருடைய வயிற்றுக்குப் போகிறது என்று கொடுத்தவளுக்கும் தெரியாது, வாங்கியவளுக்கும் தெரியாது. அதுதான் அந்த வழக்கத்தின் மரியாதை.

வாங்கும் வீட்டின் வாசம் றுக்கியாவுக்குத் தெரியும். அவள் தவழும் வயதில் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாய் ஆமினா உம்மா பன் பாய் இழைத்தாள். அது போதாத கிழமைகளில், பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் பின்வாசலால் வந்து சுளகில் அரிசியைக் கொட்டிவிட்டுப் போவார். பல வீட்டு அரிசி கலந்திருக்கும். சிவப்பும் வெள்ளையும், புழுங்கலும் பச்சையும். ஒன்று குழைந்து போகும்போது மற்றது வேகாமல் நிற்கும். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள், ஒரே நிற அரிசி வேகும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றையும் துஆவில் கேட்டதில்லை.

கேட்டது கிடைத்தது. புருஷன் அபூதாஹிர் மீன் வியாபாரி. விடியலில் கரைவலைக்காரரிடம் மீன் எடுத்து, சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியில் ஏற்றி, ஹோர்னை அமுக்கிக்கொண்டு தம்பலகாமத்து வயற்கரை வீடுகளுக்குப் போவான். திரும்பும்போது மீன் இருந்த பெட்டியின் மேல் அரிசிச் சாக்கு இருக்கும். மீனுக்குக் காசு கொடுப்பவர் சிலர். அரிசி கொடுப்பவர் பலர். ஆணும் பெண்ணுமாய் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் ஒழுங்கைப் பெட்டியை றுக்கியாவிடம் ஒப்படைத்த நாளில், அவள் அதைப் புதிதாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில் ஆமினா உம்மாவை அடக்கிய மையத்துக்குழிப் பக்கமாகவும் ஒருதரம் நடந்து போய் வந்தாள்.

அதற்குப் பின் வந்த இரண்டு மூன்று வருடங்களில் நாட்டிலேயே அரிசி தட்டுப்பட்டது. கூப்பனுக்குக் கொடுக்கும் பங்கீட்டு அரிசியைக் குறைத்தார்கள். ஒரு மாவட்டத்து அரிசியை மற்ற மாவட்டத்துக்குக் கொண்டுபோக விடாமல் வீதியில் மறித்தார்கள். சங்கக்கடையில் பாணுக்கு விடியமுன் வரிசை நின்றது. அப்படியிருக்கும்போதுதான் கொலரா வந்தது. உலகத்தின் பல நாடுகளைச் சுற்றி வந்த நோய் என்று படித்தவர்கள் சொன்னார்கள். ஒழுங்கையில் அதற்குப் பேதி என்றுதான் பெயர். கிணறுகளுக்கு வெள்ளைத் தூள் போட்டார்கள். குடாவைக் கடக்கும் பாதையில், அந்த மிதவையில், ஏற வேண்டுமானால் ஊசி போட்ட சீட்டைக் காட்டவேண்டும்.

நோய் அபூதாஹிரின் வீட்டுக்குள் வரவில்லை. மரப்பெட்டியோடு நின்றுவிட்டது. ஒருநாள் அவன் மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தான். பெட்டியில் இலையான் மொய்த்தது.

"என்ன, பெட்டி திறக்கவே இல்லையா?" என்றாள் றுக்கியா.

"திறந்தனான். மீனால பேதி வருமெண்டு மூடச் சொல்லிட்டாங்க."

"நாள் தவறாம வாங்குற அன்னலட்சுமி அக்காவுமா?"

"அவ நல்ல மனிசி. படலைக்கு அங்கால நிண்டு சுகம் விசாரிச்சவ. 'கோவிக்காத தம்பி, இந்தப் பேதி ஓய்ஞ்ச பிறகு வா' எண்டு சொன்னா." அவன் சிரிக்கப் பார்த்தான். "நான் ஊதினா ஓடி வாற பிள்ளையள் புள்ள. இண்டைக்கு ஊதினதும் ஓடி ஒளிச்சுதுகள்."

அன்று மீனைத் தென்னையடியில் புதைத்தார்கள். அடுத்த நாள் குறைவாக எடுத்துப் போனான், அதையும் புதைத்தார்கள். பிறகு எடுக்கவே இல்லை. சைக்கிளைத் துடைத்தபடி வாசலில் இருப்பான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பான். றுக்கியாவின் அல்லுக்குத்து காதிலிருந்து கழன்று அடைவுக்குப் போனது. அதற்குப் பின், ஊரில் பலரும் செய்ததைப் போல, கூப்பன் புத்தகத்தையும் ஸைனுலாப்தீனின் கடையில் ஈடு வைத்தார்கள். அவர் கொடுத்த காசு மரவள்ளிக்குப் போனது; கூப்பன் அரிசி அவரிடம் போனது.

இதையெல்லாம் ஒழுங்கைக்குச் சொல்லியிருக்கலாம். பள்ளி மரைக்காரிடம் சொல்லியிருந்தால் மறுநாளே மோதினார் வந்திருப்பார், பின்வாசலால். அந்தப் பின்வாசலுக்காகவே றுக்கியா யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பெட்டி குசினி மூலையில் இருந்தது. மாலை மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். மகள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இண்டைக்கும் கிழங்கா உம்மா?" என்றாள். குறை சொல்லவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். றுக்கியா பெட்டிக்குள் கைவிட்டு அள்ளினாள். "கடன்தான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அன்று பிள்ளைகள் சோறு தின்றார்கள். சிவப்பும் வெள்ளையும் கலந்த சோறு; பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருந்தது. அவளும் ஒரு வாய் தின்றாள்.

அதற்குப் பிறகு வந்த வியாழன்களிலும் கடன் கூடியது. பெட்டி குறைந்து வந்ததை மோதினார் முஹம்மது தம்பி கவனித்தார். சந்தேகப்படுகிற மனிதர் அல்ல அவர்.

"என்ன புள்ள, ஒழுங்கைச் சனம் மெலிஞ்ச மாதிரி உன்ட பெட்டியும் மெலிஞ்சு போச்சு?" என்று சிரித்தார்.

றுக்கியா வெறும் பெட்டியோடு திரும்பினாள். பெட்டி நிறைய வேண்டும், நிறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற ஒன்றே அந்தக் கிழமை முழுவதும் அவள் தலையில் ஓடியது. அடுத்த வியாழன் அவள் ஒவ்வொரு படலையிலும் கூடுதலாக நின்றாள்.

"நோய்க் காலத்திலதான் கூடக் குடுக்கணும். கைய இறுக்காதீங்க."

எதிர்வீட்டுப் பரீதா தன் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள். "றுக்கியா மச்சி, நீ பள்ளிட ஆளா, வட்டிக்கடைட ஆளா?"

"உன்ட நன்மைக்கு வந்த ஆள்."

"அப்ப என்ட நன்மைய அடுத்த கிழமை சேத்து எடு. இண்டைக்கு இவ்வளவுதான்." படலைகளில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும் முன் றுக்கியா பக்கத்து வீட்டு அசனாவிடம் போனாள். அசனாவின் புருஷன் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன். பாதை கெடுபிடியில் அக்கரையில் அகப்பட்டு, வேலையுமில்லாமல் வீட்டுக்கும் வர ஏலாமல் இருந்தான். இளைய பிள்ளை லைலா தாயின் சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிரட்டை நிறையல்லியே அசனா."

"கொஞ்சம் பொறுங்க ராத்தா" என்று அசனா உள்ளே போனாள்.

பானையின் அடியை விரல்கள் வழிக்கும் சத்தம் வெளியே கேட்டது. றுக்கியாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். தன் குசினியில் காலையில்தான் கேட்டாள். 'வேண்டாம், விடு' என்று ஒரு சொல் போதும். மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசனா பொத்திய கையோடு வந்தாள். றுக்கியா பெட்டியை நீட்டினாள்.

சனிக்கிழமை லைலாவுக்குப் பேதி கண்டது. மருந்துக்காரர் படலையில் நின்றபடியே சொன்னார்: "பாதை இக்கரைக்கு வந்த உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அதுவரைக்கும் கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுத்துக்கொண்டே இருங்க. நிப்பாட்டாதீங்க."

அசனாவின் பானையில் அரிசி இல்லை. வியாழக்கிழமை ஒழுங்கையே பார்த்திருக்கப் பிடியரிசி போட்டவள், சனிக்கிழமை ஒரு பிடி அரிசி தாருங்கள் என்று எந்தப் படலையில் போய்க் கேட்பாள்? நோய் கண்ட வீட்டுப் படலைக்கு யாரும் வரவுமில்லை. அவள் மரவள்ளி அவித்த தண்ணீரைக் கொடுத்தாள், பிள்ளை கக்கியது. வெறும் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு துறையடிக்கு ஓடினாள். பாதை அக்கரையில் நின்றது. அது திரும்பி வந்து கரை தட்டியபோது ஏற்றுவதற்கு நோயாளி இருக்கவில்லை.

அந்த நேரத்தில் றுக்கியா தன் பிள்ளைகளுக்குப் பெட்டி அரிசியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் மையத்தைக் குளிப்பாட்ட வந்த இரண்டொரு பெண்களில் அவளும் இருந்தாள். அசனா அழவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கஞ்சி குடு எண்டாங்க. அரிசி இல்ல எண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு."

றுக்கியாவின் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை விழுந்தது.

பேதி ஓய்ந்தது. அன்னலட்சுமி சொன்ன சொல் தவறாமல் அபூதாஹிரைக் கூப்பிட்டு மீன் வாங்கினாள். ஹோர்ன் சத்தத்துக்குப் பிள்ளைகள் மறுபடியும் ஓடி வந்தார்கள். கூப்பன் புத்தகம் மீண்டது; அல்லுக்குத்தும் மீண்டது. றுக்கியா அதைக் காதில் போடவில்லை. ஒரே நிற அரிசியைச் சுளகில் பரப்பி, இல்லாத சிவப்பு அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கழுவுவாள். நொறுங்கி மாவாகும் வரை கழுவுவாள். சில வேளை வெறும் பானைக்குள் கைவிட்டு அடியை விரலால் வழித்து, காதைச் சாய்த்துக் கேட்பாள். சோற்றைத் தொட மாட்டாள், கிழங்கும் தேத்தண்ணியும்தான். பிடியரிசிப் பெட்டி பரீதாவின் இடுப்புக்குப் போனது.

ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார், நூல் கட்டினார். பாதையேறி நகரத்து டொக்டரிடமும் கொண்டு போனார்கள்.

"வீட்டில சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று டொக்டர் கேட்டார்.

"இப்ப ஒரு கஷ்டமும் இல்ல ஐயா. எல்லாம் இருக்கு" என்றான் அபூதாஹிர். அவன் பொய் சொல்லவில்லை. கொடுத்த குளிசைகள் அவளை நித்திரையாக்கின.

மகளைக் கட்டிக் கொடுத்த வருடம், ஒரு மத்தியானம், றுக்கியா வேலியைச் சுற்றி அசனாவின் குசினிக்குப் போனாள். அசனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். றுக்கியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: பெட்டியிலிருந்து அள்ளியதை, மோதினாரின் பகிடியை, பானை வழிக்கும் சத்தம் கேட்டும் பெட்டியை நீட்டியதை.

அசனாவின் கத்தி நின்றது.

"உங்கட வீட்டிலயும் இல்லையா அண்டைக்கு?" என்றாள்.

"இல்ல."

"நீங்க இல்ல எண்டு சொல்லியிருந்தா நானும் இல்ல எண்டு சொல்லியிருப்பன் ராத்தா. ரெண்டு பேருமாப் பள்ளிக்குப் போயிருக்கலாம்." அவள் மறுபடியும் மீனை வெட்டத் தொடங்கினாள். "இப்ப போங்க. உங்கட முகத்தப் பாக்க ஏலாது எனக்கு."

மறுநாள் றுக்கியா முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்து கொண்டு போனாள். அசனா திரும்பிப் பார்க்காமல், "அதில வச்சிட்டுப் போங்க" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அது நடந்தது. மழையிலும் நடந்தது, காய்ச்சல் நாளில் மகன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அசனா அந்த அரிசியைச் சமைக்கவுமில்லை, எறியவுமில்லை. ஒரு முட்டியில் போட்டு மூடி வைத்தாள். வண்டு பிடித்தால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டாள்.

அப்படியே வருடங்கள் போய், ஒரு நோன்பு மாதம் வந்தது. றுக்கியா எலும்பும் தோலுமாக இருந்தாள். நோன்பைப் பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் திறந்து, அதோடு நிறுத்திக்கொள்வாள். ஒருநாள் நோன்பு திறக்கும் நேரத்தில் வாசலில் அசனா நின்றாள். கையில் மூடிய கோப்பை இருந்தது.

"உங்கட அரிசிதான்" என்றாள். "லைலாட பேருக்குக் காய்ச்சினன். பாங்கு சொன்னதும் குடிங்க."

பாங்கு கேட்டது. றுக்கியா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஆவி அடங்கியது.

"ஆறிப் போகுது ராத்தா."

ஒரு மிடறு குடித்தாள். தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது.

"உப்புக் காணாது" என்றாள் றுக்கியா.

அசனா உள்ளே போய் உப்புச் சட்டியை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை போட்டுத் தன் விரலாலேயே கலக்கினாள். றுக்கியா பாதி குடித்தாள். மீதி அவளால் முடியவில்லை. கோப்பையைத் திரும்ப நீட்டினாள்.

அசனா வாங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைக் குடித்தாள்.