வெளிவாசல் அக்கா

பொழுதுபோக்குப் பூங்காவின் வெளிவாசலில் சாவிக்கொத்தோடு நிற்கும் அவளை எல்லோரும் 'வெளிவாசல் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கணவன் கண்ணை மூடியபோது மகள் கைக்குழந்தை. வயிற்றுப்பாட்டுக்கு முதலில் கிடைத்தது உள்வாசல் வேலை. திரைக்குப் பின்னால் நின்று, உள்ளே வரும் பெண்களைத் தடவிச் சோதிக்க வேண்டும். தோள், விலா, இடுப்பு என்று கை தானாக ஓடும். அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. பள்ளி விட்டு வரும் மகளை அணைத்தாலும் கை அதே வழியில்தான் இறங்கும்.

"நம்ம வீட்டுக்குள்ள வரவும் சோதனையா? அப்படியே டிக்கெட்டும் கேளேன்!" என்று மகள் கேலி செய்வாள்.

அந்த மகள் இன்று நர்ஸ் வேலைக்குக் கடல் கடந்து போகிறாள். ஒப்பந்தம் முடியும்வரை திரும்பி வர முடியாது. அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. விமான நிலையம் போகும் வேன், பூங்கா வாசலில் ஒரு நிமிடம் நிற்கும் என்று ஏற்பாடு. காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. வாசலில்தான் பார்க்கப்போகிறோமே என்று வந்துவிட்டாள் பாவி.

வேன் வந்து நிற்கவும் வயர்லெஸ் கரகரக்கவும் சரியாக இருந்தது.

"சின்னப் பையன் ஒருத்தனைக் காணோம். எல்லா வாசலையும் பூட்டுங்க. யாரையும் வெளிய விடாதீங்க."

மூளைக்கு முன்னால் கை பூட்டிவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் மகள். இந்தப் பக்கம் அவள். முதுகை நெருக்கிக்கொண்டு கூட்டம்.

"என்னம்மா, எங்களப் பார்த்தா பிள்ளை பிடிக்கிறவங்க மாதிரியா இருக்கு?" என்று ஒருவர் எகிறினார்.

விஷயம் தெரிந்த ராட்டினக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அக்கா, ஒரு நொடி திறந்துபோய்க் கட்டிப்பிடிச்சுட்டு வாங்க. நான் மறிச்சு நிக்கறேன். யாரு கேக்கப் போறா?"

சாவி பூட்டுக்குள் போய்விட்டது.

அப்போது ஒருத்தி அவள் சட்டைக் கையைப் பற்றினாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பிள்ளையைத் தொலைத்தவள்.

"திறந்துடாதீங்கக்கா... மஞ்சள் சட்டை போட்டிருக்கான்... உங்க கால்ல விழறேன், திறந்துடாதீங்க."

சாவி திரும்பவில்லை.

"ஊரையெல்லாம் வெளிய விடுவே. எனக்கு மட்டும் கதவைச் சாத்திட்டியேம்மா!" மகள் சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. வேன் ஹாரன் அடித்தது.

அம்மா இரண்டு கைகளையும் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள். கன்னம் இரும்பில் அழுந்தியது. கை மகளின் தோளைத் தொட்டது. விலா... இடுப்பு... தானாக இறங்கியது.

"எதையும் எடுத்துட்டுப் போகலம்மா," என்று விம்மினாள் மகள்.

வேன் போய்விட்டது.

சற்று நேரத்தில் வயர்லெஸ் மறுபடி பேசியது. மஞ்சள் சட்டைக்காரன் சறுக்குமரத்தின் அடியில் உறங்கிக்கொண்டிருந்தானாம். பெற்றவள் இருந்த ஒரு செருப்பையும் உதறிவிட்டு ஓடினாள்.

வெளிவாசல் அக்கா பூட்டைத் திறந்தாள். திட்டிக்கொண்டும் முறைத்துக்கொண்டும் எல்லோரும் வெளியே போனார்கள். பணி முடிய இன்னும் நேரம் இருந்தது. அகலத் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் மட்டும் உள்ளேயே நின்றாள்.