எலுமிச்சம்பழமும் நாற்பது நிமிஷ மௌனமும்

கவுன்சலிங்குக்கு முதல்முறை வருகிறவர் என்ன எதிர்பார்க்கலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், வாசலில் ஒட்டிவிடலாம் என்று என்னோடு வேலை செய்யும் இளம் கவுன்சலர்கள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால், வருகிறவர் என்ன எதிர்பார்க்கிறார் என்றே தெரியாமல் நான் முழித்த முதல் நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

திருத்தணியில் ஒரு டாக்டர் தன் கிளினிக் மாடியில் சனிக்கிழமைகளில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார். "மூணு மாசம் பார்ப்போம்மா. வந்தவங்க ரெண்டாவது தடவ வரலன்னா அங்க எக்ஸ்ரே மெஷின் போட்டுடுவேன்" என்றார். நல்ல மனுஷர்தான், எக்ஸ்ரே மேல்தான் ஒரு கண். நானும் சென்னையில் எட்டு வருஷம் வேலை பார்த்த திமிரில் சரி என்றேன்.

முதல் கேஸ்

அவரை முனிரத்தினம் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுத அனுமதி கொடுத்தவர் அவரேதான். விசைத்தறி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தொடும் வயது. அவர் பிரச்சினை என்னவென்று எனக்கே நாற்பது நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களை ஏன் அவ்வளவு நேரம் காக்க வைக்க வேண்டும்? ஒரு நாள் நெரிசலில் மின்சார ரயில் நடுவழியில் நின்றுபோனது. அதிலிருந்து ரயில், பஸ், கார் எதில் ஏறினாலும் அவருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், செத்துவிடுவோம் என்று இறங்கி ஓடுவார். ஈ.சி.ஜி. மூன்று முறை எடுத்தாயிற்று, கோளாறு ஒன்றுமில்லை. ஒரே மகளுக்கு ஆறு வாரத்தில் சென்னையில் கல்யாணம். அப்பா மண்டபம் போய்ச் சேர்வாரா என்பதுதான் கேள்வி.

கூட வந்தவர் மனைவியின் அண்ணன் கோதண்டம். முனிரத்தினம் வாய்க்கு அவர் 'பாவா'. இருவரும் வெற்றிலையும் ஓர் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக் கும்பிட்டார்கள். மரியாதை தெரிந்த மனிதர்கள் என்று மகிழ்ந்து, பழத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க" என்றேன். முனிரத்தினம், "நீங்க சொல்லுங்க" என்றார்.

வந்தவர் பேசும்வரை காத்திரு, அவசரப்படுத்தாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாலபாடம். காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். கீழே திருப்பதி பஸ் இரண்டு போய்விட்டது. நான் கனிவான முகத்தோடு உட்கார்ந்து உட்கார்ந்து தாடை வலித்தது. கடைசியில் கோதண்டம் மெல்ல முன்னால் சாய்ந்து, "இன்னாங்கம்மா, இன்னும் வாக்கு வரலீங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே குறி கேட்கப் போகிறவர் வெற்றிலையும் பழமும் வைத்துவிட்டு வாயைத் திறக்க மாட்டார். எதற்காக வந்தார் என்பதைக் குறி சொல்கிறவர்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நம்புவார்கள், இல்லையென்றால் எழுந்து போவார்கள். என்னையும் அப்படித்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததை அருள் வருவதற்கு முந்தைய நிலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, என் மேலேதான். "ஐயா, எனக்கு உங்களப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்க சொன்னாதான் தெரியும்" என்றேன்.

கோதண்டம் எழுந்துவிட்டார். "அப்ப அந்தப் பழத்த குடுத்துடுங்க" என்று கை நீட்டினார். நானும் கைப்பையைக் குடைந்து, சீப்புக்கும் சாவிக்கும் நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் பிழைப்பு எக்ஸ்ரே மெஷினுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். முனிரத்தினம் எழவில்லை. பாவாவைக் கீழே போய் டீ குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"குறி சொல்றவங்க, செத்துப்போன அத்த புடிச்சிகினு இருக்குதுன்னாங்க. கீழ டாக்டரு வாயுன்னாரு. பாவா சோம்பேறித்தனம்னாரு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. தெரியலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். பொண்ணு கழுத்துல தாலி ஏறசொல்ல நான் இல்லன்னா, நான் இன்னா அப்பன்?"

சொல்லிவிட்டு அழுதார்.

அஞ்சு நிமிஷ ஹோம்வொர்க்

போகும்போது, எத்தனை வாரம் விளக்குப் போட வேண்டும் என்று கேட்டார். விளக்கு உங்கள் இஷ்டம், ஹோம்வொர்க் என் இஷ்டம் என்றேன். முதல் வாரம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டும். அடுத்த வாரம் நிற்கிற ரயிலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்க வேண்டும். துணைக்குக் கோதண்டம், அவர் சட்டைப்பையில் அதே எலுமிச்சம்பழம்.

இரண்டாவது வாரம் போன் வந்தது. கல்யாணச் சாப்பாட்டில் வடையா போண்டாவா என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் ரயில் கிளம்பியதைக் கவனிக்கவில்லையாம். "மேடம், நீங்க அஞ்சு நிமிஷம்னீங்க. நாங்க அரக்கோணத்துல நின்னுகினு இருக்கறோம்."

நெஞ்சு அடித்ததா என்று கேட்டேன்.

"ஆங், அடிச்சிதுங்க. நல்லா அடிச்சிது. அப்பறம் அதுவா நின்னுபோச்சி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப திரும்பி வரணுமே, அதுக்கு இன்னா பண்றது?" என்றார்.

அதே மாதிரி ஏறி வாருங்கள் என்றேன். வந்தார். அடுத்த வாரம் என் அறைக்கும் வந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மொட்டை போட்டு வேண்டுதலை முடித்துக்கொண்டு ரயிலேறினார். பயமும் கூடவே ஏறி உட்கார்ந்து வந்ததாகவும், தானும் அதை எழுப்பிவிடவில்லை என்றும் பிறகு சொன்னார். தாலி கட்டும்போது மகள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாடிப்படியில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேவுக்கு வேறு இடம் தேடப் போனார். நான்கு பேரையும் அனுப்பியது கோதண்டம். முதலில் உள்ளே வந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாமே. கோதண்டம் அண்ணன் சொன்னாரு. அதான் நம்பி வந்தன்" என்றவர், நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

வாசலில் ஒட்ட அந்த ஒரு வரி போதும்: இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.