பூட்டாத விடைப் பெட்டி

ஜெலாப்பாங்கில் உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெர்னடெட் சரக்குக் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி. கையுறை அச்சுகளைக் கழுவும் தொட்டிகளில் எவ்வளவு அமிலம் ஊற்றுவது என்று ஆட்கள் அட்டைகளில் கிறுக்கித் திணறுவதைப் பார்த்து, எச்.டி.எம்.எல். கற்று, தானே ஒரு வலைப்பக்கம் செய்தாள். தண்ணீரின் அளவு ஒரு பெட்டியில், அமிலத்தின் சதவீதம் இன்னொன்றில். பொத்தானை அழுத்தினால் மூன்றாவது பெட்டியில் விடை வரும். சூப்பர்வைசர் அதைச் சீட்டாக அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொட்டி வேலை பார்க்கும் பத்துமலை, சீட்டில் அச்சாகியிருந்தபடி முப்பது லிட்டர் அமிலத்தை ஊற்றினார். தொட்டி சீறி எழும்பியது. முகக்கவசத்துக்கு அடியில் புகுந்த அமிலம் கழுத்தையும் தாடையையும் இடக்கண்ணையும் தின்றது. புரண்டு அலறியவரை இரண்டு பேர் பிடித்துத் தண்ணீர்க் குழாயடியில் அழுத்தினார்கள். சட்டையோடு தோலும் உரிந்து வந்தது.

“பெர்னடெட் செஞ்ச பக்கம்தான் தப்பு,” என்றார் சூப்பர்வைசர் சுகுமாரன்.

மறுநாள் காலை பத்துமலையின் தம்பி யுகேந்திரன் தொழிற்சாலை கேட்டருகே அவளுக்காகக் காத்திருந்தான்.

“எங்க அண்ணன் கண்ணு போச்சு! உன் கணக்காலதான்!”

கையிலிருந்த ஹெல்மெட்டால் அவள் முகத்தில் ஓங்கி அடித்தான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. காவலாளிகள் அவனை இழுத்துப்போய் கேண்டீனில் உட்காரவைத்து, போலீசுக்குச் சொன்னார்கள்.

மூக்கில் துணியை அழுத்திக்கொண்டே பெர்னடெட் மடிக்கணினியைத் திறந்தாள். சீட்டில் இருந்த அதே எண்கள்: அறுநூறு லிட்டர், இரண்டு சதவீதம். விடை பன்னிரண்டு என்றே வந்தது. விடைப் பெட்டிக்குள் சொடுக்கி, பன்னிரண்டை அழித்து முப்பது என்று அடித்தாள். அது ஏற்றுக்கொண்டது. யாரும் மாற்ற முடியாதபடி அதைப் பூட்ட மறந்திருந்தாள்.

கணினியோடு கேண்டீனுக்குப் போனாள். சுகுமாரனும் அங்கே இருந்தார்.

“பன்னெண்டுதான் வருது. அத அழிச்சிட்டு யாரோ முப்பதுன்னு அடிச்சிருக்காங்க. சீட்டுல உங்க கையெழுத்துதானே இருக்கு, அண்ணே?”

சுகுமாரன் மடிக்கணினியின் மூடியை அவள் விரல்கள் மீதே அறைந்து சாத்தினார். “வாய மூடு லா! சீக்கிரம் கழுவுன்னு மேலருந்து நெருக்குறான், அதான் கூட்டிப் போட்டேன், நான் என்ன செய்ய?”

எல்லாருக்கும் கேட்டுவிட்டது. யுகேந்திரன் நாற்காலியைத் தூக்கினான். முதல் அடியில் சுகுமாரனின் இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. “போதும், செத்துருவாரு!” என்று பெர்னடெட் குறுக்கே பாய்ந்தாள். இரண்டாவது அடி அவள் தோளில் இறங்கியது.

போலீஸ் யுகேந்திரனையும் சுகுமாரனையும் கொண்டுபோனது.

ஒரு வாரம் கழித்து பெர்னடெட் மருத்துவமனையில் பத்துமலையின் கட்டிலருகே நின்றாள்.

“அண்ணே, அந்தப் பெட்டிய நான் பூட்டாம விட்டுட்டேன்.”

அவர் ஒற்றைக் கண்ணை அவள் பக்கம் திருப்பினார். “மாத்துனது அந்தச் சுகுமாரன்தான். ஆனா, நீ பூட்டியிருக்கலாம் லா.”

கட்டுப்போட்ட விரல்களோடு அவள் வலைப்பக்கத்தைத் திருத்தினாள். இப்போது விடை பெட்டியில் இல்லாமல் வெறும் எழுத்தாகத்தான் வரும், யாரும் தொட முடியாது.

ஜாமீனில் வந்த யுகேந்திரன், செமோரில் அவள் வீட்டு வாசலில் நின்று, “அக்கா, மன்னிச்சிருங்க,” என்று கூப்பிட்டான். அவள் கதவைத் திறக்கவில்லை.