தக்காளிப் பாத்தியில் காட்டுமாடு

ஞானம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தையல் இன்னும் காயவில்லை. தனியாக எழுந்து நடக்கக் கூடாது, தினமும் ரெண்டு முட்டை சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தான் டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவளோ ஈஸ்டர் வந்து தவக்காலம் முடியாமல் கவிச்சி தொடமாட்டேன் என்று வெறும் கஞ்சியிலேயே நாளை ஓட்டினாள். ஆள் துரும்பாகிவிட்டாள்.

அவள் புருசன் சூசைமுத்து, ஏழு வயசில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவர். காப்பித் தோட்டம், பூண்டு வயல், கடைசியில் கொடைக்கானல் பங்களா ஒன்றில் தோட்டக்காரர் என்று நாற்பது வருசம் மண்ணோடு கிடந்த உடம்பு. இப்போது வடகவுஞ்சியில் வீட்டுக்குப் பின்னால் ரெண்டு பாத்தி தக்காளியும் ஒரு அவரைப் பந்தலும் போட்டிருந்தார்.

அன்றைக்குக் காலையில் அவர் விடுவதாக இல்லை. "முட்டை சைவந்தான் ஞானம். எங்க பங்களா வெள்ளைக்காரம்மா மாமிசமே தொடாது. முட்டையத் தக்காளியோட வதக்கித் தினமும் திங்கும்."

"அது அவுகளுக்குச் சைவம்."

"சீக்காளிக்கு விலக்கு உண்டுன்னு பங்குச் சாமியாரே பூசையில சொன்னாருல்ல?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, நாலு முட்டையைத் தண்ணீரில் போட்டு கேஸைப் பற்றவைத்துவிட்டு, தக்காளி பறிக்கப் பின்பக்கம் இறங்கினார்.

வெளியே மூடுபனி. குனிந்து நாலைந்து பழம் பறித்துத் துண்டில் போட்டிருப்பார், புஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம். மனுசன் விடுகிற மூச்சு இல்லை. மெல்ல நிமிர்ந்தார். அவருக்கும் பின்வாசலுக்கும் நடுவில், அவரைப் பந்தலைச் சாய்த்துக்கொண்டு, ஒற்றைக் காட்டுமாடு நின்றது. கூட்டமாக வருவது மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஒற்றையாகத் திரிவதுதான் பொல்லாதது. மேலத்தெரு திருமலைச்சாமி போன மாசம் இப்படி ஒன்றிடம் முட்டு வாங்கி, விலா ஒடிந்து இன்னும் படுக்கையில் கிடக்கிறார்.

பின்னால் ஆள் உயரக் கல்சுவர். ஏறித் தாண்ட வயசு இல்லை. தண்ணித் தொட்டியின் மறைவில் அப்படியே குந்தினார்.

மாடு அவசரமே இல்லாமல் அவரைக்கொடியை இழுத்துத் தின்றது. பத்து நிமிசம். கால் மணி. அடுப்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் நினைப்புக்கு வந்தது. சற்றைக்கெல்லாம் கருகல் வாடை வந்தது. உள்ளே டப்பென்று ஒரு முட்டை வெடித்தது. மாடு தலையைத் தூக்கியது.

"ஏங்க, என்னமோ கருகுது!" ஞானம்மாவின் குரல்.

குரல் கொடுத்தால் மாடு பாய்ந்துவிடும் என்று அவர் தொட்டியோடு ஒட்டிக்கொண்டார். மாட்டின் காது வீட்டுப் பக்கம் திரும்பியது.

"ஏங்க! எங்க இருக்கீங்க?" குரல் உடைந்தது. அவர் எங்கோ விழுந்து கிடக்கிறார் என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். கட்டில் கிறீச்சிட்டது.

எந்திரிக்காதே, எந்திரிக்காதே என்று மனசுக்குள் கத்தினார். பின்கதவு திறந்தது. நிலையைப் பிடித்தபடி, ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு அவள் நின்றாள். மாடு எட்டடி தூரத்தில். சூசைமுத்து தொட்டிக்கு மேலே கையைத் தூக்கி, உள்ளே போ என்று அசைத்தார். அவள் அவரைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். கத்தவில்லை. ஒரு எட்டு பின்னால் வைத்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

மாடு கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தக்காளிப் பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டு, வேலியோடு சரிவில் இறங்கிப் பனிக்குள் மறைந்தது.

அவர் ஓடிப் போனபோது அவள் கேஸை அணைத்திருந்தாள். ஞானம்மா அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலையில், அடிவயிற்றுக்கு நேரே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ரத்தம்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள்.

போன் பண்ணியதும் ஊர்ச் சுகாதார நிலைய நர்ஸ் தேவகுமாரி வெரசா வந்தாள். ஒரு தையல் மட்டும் விட்டிருக்கிறது, பயமில்லை என்று கட்டுப் போட்டாள். "ஒழுங்காச் சாப்பிட்டாத்தானக்கா சதை கூடும்" என்று திட்டியும் விட்டுப் போனாள்.

வெடிக்காத முட்டை மூன்றை உரித்து, துண்டில் இருந்த தக்காளியை வெங்காயம், மிளகோடு வதக்கி, சோற்றில் போட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். ஊட்டலாம் என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

ஞானம்மா தட்டை வாங்கி மடியில் வைத்து, முட்டையை உடைத்துப் பிசைந்து, தானே சாப்பிட ஆரம்பித்தாள்.