தரிசுக்கு ஒரு பத்திரம்

ஃபுஜைரா மலையோரத்து ஓடையில் வாராவாரம் ஐந்து பாட்டில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, துபாய் லேபுக்குக் கொண்டுவருவது என் டியூட்டி. மழை பெய்தாலே செய்தியாகிற நாட்டில், கணுக்கால் நனைய ஓடும் தண்ணீருக்கு வாரம் ஒரு பரிசோதனை! தென்காசிப் பக்கத்துக்காரனான எனக்குச் சிரிப்பாக வந்தது. இவர்கள் ‘வாதி’ என்று சொல்வதை எங்கள் ஊர் எருமைகூட ஓடை என்று ஒப்புக்கொள்ளாது.

அதன் கரையில் ஒரு அரபிப் பெரியவரின் தோட்டம். கால்நடைத் தீவனப் புல் வளர்த்து, உரத்தையும் கோழி எருவையும் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். மழை வந்தால் அவ்வளவும் ஓடைக்குள். தண்ணீரில் நைட்ரேட் ஏறி, பச்சைப் பாசி படர்ந்து, கீழே இருந்த கிணறுகளும் கெட்டன. கடைசியில், கரையோர வயல்களில் இனிப் பயிரே வைப்பதில்லை என்று பெரியவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். நிலம் அவருடையதுதான், ஆனால் பிள்ளைகளோ, நாளை விலைக்கு வாங்குகிறவனோ அங்கே உழ முடியாது.

“நோ ஃபார்ம், பாபா? ஒய்?” என்று கேட்டேன். அவருக்கு என்ன புரிந்ததோ, உள்ளே போய் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தார். கேள்வி கேட்டவனுக்குப் பிச்சை போடுகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தேன் என்பது வேறு விஷயம்.

அங்கே பதினெட்டு வருடம் விவசாயம் பார்த்த கமுதிக்காரர் மூக்கையா அண்ணன் இப்போது காவல்காரர். “வெள்ளாம வச்ச கை தம்பி. இப்ப யாரும் வெள்ளாம வைக்காமப் பாத்துக்கன்னு சம்பளம் தர்றாய்ங்க. ஊர்ல சொன்னா காறித் துப்புவாய்ங்க” என்பார். இரண்டு பேருமாகப் பெரியவரைக் கேலி பேசுவோம்.

இரண்டாவது குளிர்கால மழைக்குப் பிறகு லேபில் நைட்ரேட் சரிந்திருந்தது. மெஷின்தான் கோளாறு என்று மறுபடி ஓட்டினேன். அதே அளவு. அடுத்த வாரம் போனபோது மூக்கையா அண்ணன் ஓடைக்குள் குத்தவைத்திருந்தார். “மீனு தம்பி! குஞ்சு மீனு!” என்றார். நான் சிரிக்கவில்லை. பெரியவரைப் பேசியதெல்லாம் எனக்கே திரும்பி வந்து உறைத்தது.

அந்த வருட லீவில் ஊருக்குப் போய், பாகப்பிரிவினையில் ஓடைக்கரைத் துண்டை நானே கேட்டு வாங்கினேன். பத்திரம் எழுதுகிறவரிடம், இதில் யாரும் பயிர் செய்யக்கூடாது என்று எழுத முடியுமா என்றேன். “வித்தது, அடகு வச்சது எழுதலாம் சார். சும்மா கெடக்கட்டும்னு எப்படி எழுத?” என்று கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

கூடப் பிறந்த அண்ணனுக்கு ஆத்திரம். “தண்ணிக்கு நெலத்த விட்டுக்கொடுக்கியா? பாலைவனத்துல கெடந்து மூளை காஞ்சிட்டாலே ஒனக்கு?”

ஆடிப்பெருக்குக்கு அந்த ஓடைக்கு மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிடுகிற குடும்பம் எங்களுடையது. மறுநாளே வாழைக்கு மருந்தடித்த டப்பாவை அதில்தான் கழுவுவோம். இந்த பக்தியைவிட அரபியின் ஒரு கையெழுத்து மேல் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினான். நான் நான்கு மூலையிலும் கல் ஊன்றிவிட்டு விமானம் ஏறினேன்.

போன வாரம் வாதியில் நிற்கும்போது மதினி போன் செய்தாள்.

“தம்பி, உங்க கல்லையெல்லாம் பிடுங்கிட்டாவ. பாதிக்கு மேல வாழக்கன்னு வச்சாச்சு. கேட்டா, புறம்போக்குதானேங்காவ.”

“பட்டா எம்பேர்ல இருக்கே மதினி.”

“பட்டா இருக்கு. ஆள் எங்க இருக்கு?”

மதினி பேர் சொல்லாமல் ‘பிடுங்கிட்டாவ’ என்று மரியாதை கொடுக்கிற ஆள் வீட்டில் ஒருத்தன்தான். ‘புறம்போக்கு’ எங்கள் ஊரில் நிலத்துக்கு மட்டும் சொல்கிற வார்த்தையா என்ன?

“தம்பி, ஆடு!” என்று மூக்கையா அண்ணன் கத்தினார். யாருடைய மந்தையோ பெரியவரின் தரிசுக்குள் ஏறியிருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு பிடி மண்கூட எனக்குச் சொந்தமில்லாத அந்தக் கரையில், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஆடுகளின் பின்னால் ஓடினேன்.