புதுக் கூலர் மாட்ட வந்தவர்

இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடும் என் கம்ப்யூட்டருக்குப் புதுக் கூலர் மாட்ட ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல் வேலை செய்தார். சூடாகும் பிராசசர்மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி, கூலரைத் திருகி முடுக்கி, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் பெட்டியைப் புறங்கையால் தொட்டார்.

"சூடே இல்லீங்க."

"சும்மா கிடந்தா எப்படிங்க சூடாகும்? வேலை கொடுத்துப் பார்க்கணும்" என்று நானே டிசைனை ஓடவிட்டேன். வெப்பம் நூறு டிகிரியைத் தொட்டதும் கம்ப்யூட்டர் அணைந்தது. அன்றே தறிக்குப் போகவேண்டிய டிசைனும் பாதியில் போனது.

கூலரைக் கழற்றினேன். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருந்தார். சூடு கூலருக்குப் போக வழியே இல்லை.

"ஏனுங்க, இதைக்கூடப் பார்க்கமாட்டீங்களா?" என்று கத்தினேன்.

"பாத்தனுங்க. புதுச் சாமான். உங்களைக் கேக்காம நான் எப்படிங்க உரிக்கிறது?" என்றார் பணிவாக.

இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அந்தப் பணிவை எப்படித் திட்டுவதென்றும் தெரியவில்லை.