உபதேசியார் வீட்டில் எழும்பிய புகை

என் அம்மா தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணியை அவள் பல்லால் கவ்வி உறிஞ்சப் பார்த்தாள். அத்தை ஓடி வந்து துணியைப் பிடுங்கிக்கொண்டாள். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை நான் சொல்ல வேண்டுமானால், சகோதரிகளே, இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், கார்த்திகை மாதம். நான் பாளையங்கோட்டையில் பெண்கள் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. ஆறு கரை புரண்டு, கால்வாயும் கிணறும் ஒன்றாகக் கலந்து, தண்ணீர் வடிந்த கையோடு ஊர் ஊராக வாந்திபேதி வந்தது. போர்டிங்கில் எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் ஆற்றங்கரையில், வண்டியில் அரை நாள் தூரம். வண்டிக்காரர் ஊருக்குள் வரமாட்டேன் என்று எல்லையிலேயே என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வழியில் இரண்டு வீடுகள் சாத்திக் கிடந்தன. யாரைக் கேட்பது என்று தெரியாமல், கேட்காமலே கடந்தேன்.

என்னைப் பெற்ற ஐயா அந்த ஊர்ச் சபைக்கு உபதேசியார். சாவு வீடுகளுக்கெல்லாம் போய் ஜெபம் பண்ணி, குழி வெட்ட ஆள் கிடைக்காத இடத்தில் தாமே வெட்டிவிட்டு வருவார். சபையில் வருகிற வெள்ளிக்கிழமை உபவாசம் என்று அறிவித்திருந்தார். எங்கள் ஊர் உபவாசம் லேசுப்பட்டதல்ல. விடிந்ததிலிருந்து யார் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. பச்சைத்தண்ணீரும் பல்லில் படக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. சாயங்காலம் கோயில் மணி அடித்த பிறகுதான் கூரைகளில் புகை எழும்பும். யார் வீட்டில் புகை முந்துகிறது என்று கவனிப்பதற்காகவே உபவாசம் இருக்கிற சிலரும் எங்கள் சபையில் உண்டு. நான் பொய் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது அம்மாவுக்குப் பேதி கண்டுவிட்டது.

இரண்டு தடவை கொல்லைக்குப் போனவள் மூன்றாவது தடவை எழும்பவில்லை. வெயில் ஏறுவதற்குள் கண் குழி விழுந்து, விரல் நுனி வெகுநேரம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிப் போயிற்று. கெண்டைக்கால் முறுக்கி இழுக்க, சத்தமில்லாமல் அழுதாள். குரல் போய்விட்டது. ஐயா வாசலில் நின்று அவளையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்தார். சபை முழுவதும் கோயிலில் காத்திருந்தது. அம்மா கையை அசைத்து, போங்கள் என்று காட்டினாள். போகும்போது அவர் அத்தையிடம் சொன்னது ஒன்றுதான். தண்ணீர் மட்டும் கொடுத்துவிடாதே.

இதைச் சொன்னதால் என் ஐயாவைக் கல்மனசுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாளில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். பேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் அது இன்னும் அதிகமாகும், உயிர் போய்விடும் என்று வைத்தியரும் சொன்னார், ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொண்டுவந்த டிரஸ்ஸரும் சொன்னார். அதோடு உபவாச நாளும் சேர்ந்துகொண்டது.

அத்தை ஐயாவுக்கு அக்காள். தாலியறுத்து எங்கள் வீட்டோடு வந்தவள். அம்மாவைத் தன் கூடப்பிறந்தவளாகவே வைத்திருந்தாள். தண்ணீர்ப் பானையை மூலைக்குத் தள்ளி, சட்டியால் மூடி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அம்மா தண்ணீர் என்று வாயசைக்கும் ஒவ்வொரு தடவையும் அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லுவாள். அவள் கண்ணிலிருந்தும் நீர் தாரை தாரையாக ஓடிற்று.

நான் ஜெபம் பண்ணத் தொடங்கினேன். அதுவரை நான் செய்ததெல்லாம் போர்டிங்கில் வரிசையாக முழங்கால் போட்டுச் சொல்லுகிற ஜெபம். அது ஒன்றும் நாக்கில் வரவில்லை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே வாய் அதிகம். அன்றைக்கும் அந்த வாயால்தான் பேசினேன். எங்கம்மாவை எடுத்துக்கொண்டால் இனி உம்மோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. என்ன செய்யட்டும், அதையாவது சொல்லும் என்று தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தேன்.

அப்போதுதான் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த ஆராதனையில், சிலுவையில் தொங்குகிறவர் தாகம் என்று சொல்லும் இடத்தில் எனக்குத் தாங்க முடியாத கோபம் வரும். அத்தனை பேர் நின்றார்களே, ஒருத்தருக்காவது ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லையே, புளித்த காடியைக் கொண்டுபோய் நீட்டினார்களே என்று அழுவேன். அன்றும் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

கூடவே அன்னாள் ஞாபகமும் வந்தது. அன்னாள் போர்டிங்கில் என் பக்கத்துப் பாய்க்காரி. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலைக்காரர் மகள். ஒரு வருஷம் அவளுக்கும் பேதி கண்டு, பிழைக்கமாட்டாள் என்று கொல்லைப்புறத்துச் சாய்ப்புக் கொட்டகையில் போட்டுவிட்டார்களாம். எல்லாரும் உள்ளே ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க, இவள் உருண்டு உருண்டு போய் மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்ப் பானையில் வாயை வைத்துவிட்டாள். அரிசி கழுவின தண்ணீரும் வடித்த கஞ்சியும் உப்புமாக இருந்ததைக் குடிக்கக் குடிக்க உயிர் வந்ததாம். இதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

“எங்க ஐயா இன்னைக்கும் ஜெபத்தால பொழச்சேன்னு சாட்சி சொல்லுதாவ. நான் கழுநீரப் பத்தி மூச்சு விடலட்டி” என்பாள்.

எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்த கதை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்தவள் மாதிரி எழுந்தேன். அடுப்படிக்குப் போய் ஒரு கை நொய்யரிசியை எடுத்தேன். வேறு பானையில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஏற்றி, ஓலையைத் திணித்து நெருப்பு மூட்டினேன். மழையில் நனைந்த ஓலை. புகை குபுகுபுவென்று கிளம்பிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

அத்தை ஓடி வந்தாள். “ஏட்டி, என்ன செய்யுத?”

“கஞ்சி காச்சுதேன் அத்தை. அம்மைக்கு.”

அவள் அடுப்புக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றாள். “உங்க மாமா இப்படித்தான் கெடந்து தண்ணி தண்ணின்னு கேட்டாவ. மனசு கேக்காம ஒரு செம்பு குடுத்துட்டேன். குடிச்சாவ, கண்ண மூடிட்டாவ. எங் கையால கொன்னேன்ட்டி. நீயும் ஆயுசுக்கும் என்னய மாதிரி கெடக்கணுமா?”

எத்தனை வருஷம் எங்களோடு இருந்தவள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“குடுக்காமலே போயிட்டாக்க, அத்தை?” என்று மட்டும் கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு ஐயாவைக் கூட்டிவரக் கோயிலுக்கு ஓடினாள்.

கஞ்சி வெந்ததும் தெளிவை இறுத்து, உப்புப் போட்டு ஆற்றினேன். குழந்தையில் எனக்குப் பால் புகட்டிய சங்கு ஒன்று கூரை இறவாணத்தில் சொருகியிருந்தது. அதில் மொண்டு அம்மாவின் வாயில் ஊற்றினேன். விழுங்கினாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அப்படியே வாந்தியாக வெளியே வந்துவிட்டது. கண் மேலே சொருகிற்று. அத்தை சொன்னது சரி, நான் என் தாயைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த நேரம் எனக்கு இருந்த பயத்தை எந்த எதிரிக்கும் ஆண்டவர் கொடுக்க வேண்டாம். சங்கைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது அம்மாவின் கை பாயில் தடவித் தடவி அந்தச் சங்கைத் தேடிற்று. நான் மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். பொறுத்துப் பொறுத்து ஊற்றினேன். தங்கிற்று.

வாசலில் சத்தம் கேட்டது. ஐயா முன்னால் வந்தார். பின்னால் அத்தையும், கோயிலில் இருந்த பாதிச் சனமும் வேலிவரைக்கும் வந்து நின்றார்கள். உபவாச நாளில் உபதேசியார் வீட்டில் புகை என்றால் சும்மாவா?

“அடுப்பப் பத்தவச்சது யாரு?” ஐயா என்னை அடித்ததே இல்லை. அன்றைக்கு அடிப்பார் என்று நினைத்தேன்.

“நாந்தான், ஐயா.”

அவர் ஒரு எட்டு எடுத்து வைத்தார். அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவாக இல்லை. தேங்காய் நார் உரசுகிற மாதிரி இருந்தது. ஆனால் காலையிலிருந்து செத்துப்போயிருந்த குரல்.

“இன்னும் கொஞ்சம் தா.”

ஐயா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். சட்டியில் என்ன என்று கேட்டார். கஞ்சித் தெளிவும் உப்பும் என்றேன். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கவில்லை, யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த சங்கை வாங்கித் தாமே மொண்டு அம்மா வாயில் ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது. சங்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். வேலியில் நின்றவர்கள் வழி விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. நடு மத்தியானம். அந்த நாட்களில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். உபதேசியாரம்மா போய்விட்டாள் என்று தெருத் தெருவாக ஒப்பாரி கிளம்பிற்று. அம்மாவுக்குச் சங்கால் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கும் அது காதில் விழுந்தது. கோயிலுக்கு ஓடியவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். ஐயா மணிக் கயிற்றை விடாமல் பிடித்தபடியே நின்று பேசினாராம்.

“யாரும் சாகல. உபவாசம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போயி அடுப்பப் பத்தவைங்க. சீக்காளிக்கு உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணி குடுங்க. பைய பைய குடுங்க. கேக்கக் கேக்கக் குடுங்க.”

ஊரில் ஒவ்வொரு கூரையாகப் புகை எழும்பிற்று. முந்தினது யார் என்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொன்னால் அது சாட்சியாகாது, பொய்யாகும். அதற்குப் பிறகும் சிலரை அடக்கம் பண்ணினோம். அவர்களுக்காகவும் நாங்கள் ஜெபம் பண்ணினோம். ஏன் இவர்கள் இருந்தார்கள், அவர்கள் போனார்கள் என்பதை நான் அறியேன். ஆனால் தாகத்தோடு யாரும் போகவில்லை. என் அம்மா ஞாயிற்றுக்கிழமை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் வேலையாக, அடுப்படியைக் கரி பிடிக்க வைத்துவிட்டேன் என்று என்னைத் திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு ஐயா வெளியே போய் அழுதார்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அத்தை மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். குழவியை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“அப்போ உங்க மாமா தண்ணியால போகலியோ, ஏட்டி?”

“இல்ல அத்தை. நீங்க குடுத்ததுதான் அவங்க கடைசியாப் பட்ட சுகம்.”

அவள் மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, “இத்தன வருசம்… இத்தன வருசம்…” என்று அதையே சொன்னாள். நான் அன்று தரையில் கிடந்து என் தாய்க்காக மட்டும்தான் ஜெபம் பண்ணினேன். அத்தைக்காக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பானைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போர்டிங்குக்குத் திரும்பியதும் அன்னாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் எங்க ஐயா சாட்சி சொல்லும்போது கழுநீரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுவேன் என்றாள். ஜெபமா கழுநீரா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: எனக்கு இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தன.

எங்கள் ஊரில் இப்போதும் உபவாசம் உண்டு. இப்போதும் அடுப்பு பற்றவைப்பதில்லை, ஒரு வீட்டைத் தவிர. உபதேசியார் வீட்டில் விடிந்ததும் புகை எழும்பும். நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் கஞ்சி அங்கே கிடைக்கும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்ளுகிறவள் என் அத்தை. வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் என்ன நெருக்கம் என்று எனக்குத் தெரியாது. ஒழுங்கான ஜெபம் வரவில்லையென்றால் ஒழுங்கில்லாமலே கேளுங்கள். கோபமாக வந்தால் கோபமாகவே கேளுங்கள். கேட்டபிறகு எழும்பிப் போய் அடுப்பைப் பாருங்கள், பதில் அங்கேயும் இருக்கும். தாகம் என்று ஒரு முறை கேட்டு, காடியை வாங்கிக் குடித்தவர் நம் ஆண்டவர். தண்ணீர்ப் பானையை உங்களுக்கு மறைத்து வைக்கமாட்டார்.